மூன்றாவது பாய்

வீட்டிலேயே பாடம் நடத்தத் தொடங்கிய பத்தொன்பதாம் நாள், காலை ஒன்பது மணிக்கு, அந்த வீட்டில் பிறக்காத ஒரு பிள்ளை "உள்ளேன் டீச்சர்" என்று வருகை சொன்னது. தவறு டீச்சருடையதுதான். பதினொரு வருடம் பள்ளியில் வரிசை எண் சொல்லியே வருகை எடுத்த நாக்கு அது. ஒன்று என்றதும் எட்டு வயது மகன் கை தூக்கினான், இரண்டு என்றதும் ஐந்து வயது மகள் தலையாட்டினாள். அதோடு நிற்காமல் பழக்க தோஷத்தில் மூன்று என்றும் சொல்லிவிட்டாள். பதில் ஜன்னலோரத்தில் சும்மா விரித்திருந்த பாயிலிருந்து வந்தது. மகன் திரும்பிப் பார்த்துவிட்டுப் பென்சிலைச் சீவினான். டீச்சர் பேனாவைத் திறந்தாள். வந்த பிள்ளைக்கு வருகை போடாமல் விட்டு அவளுக்குப் பழக்கமில்லை, போட்டுவிட்டாள்.

அவள் பள்ளி வேலையை விட்டதே மகளுக்காக. பள்ளியில் சேர்ந்த நான்காம் மாதம், ஒரு மத்தியானம், மகள் தன் பேச்சை எங்கேயோ வைத்துவிட்டு வீடு திரும்பினாள். அதன் பிறகு அம்மா என்றுகூடக் கூப்பிடவில்லை. மருத்துவர்கள் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். தொண்டை சரியாகத்தான் இருந்தது. இனி அந்தப் பக்கமே அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்று, இருவரையும் வீட்டுக்கே கொண்டுவந்தாள். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அவள் டீச்சர், அதற்கு மேல் அம்மா. எதையும் கையால் செய்து பார்த்த பிறகுதான் நோட்டில் எழுத வேண்டும். இதுதான் சட்டம்.

மூன்றாமவனும் செய்து பார்த்தான். துணி ஹாங்கரின் இரு முனையிலும் காகிதக் கோப்பை கட்டித் தராசு செய்த அன்று, அவன் முறை வந்தபோது வெறும் கோப்பை தாழ்ந்தது. எதிர்ப்பக்கம் ஏழு கோலிக்குண்டு போட்ட பிறகுதான் சமமானது. ஏழு என்று எழுதிக்கொண்டார்கள். ஈரப் பஞ்சில் அவரை விதை வைத்த வாரம் அவன் விதையும் முளைத்தது, என்ன, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முளைத்தது. பெரிய தாளில் பிள்ளைகளைப் படுக்கவைத்து உடம்பைச் சுற்றிக் கோடு இழுக்கும் பாடத்தில், டீச்சர் மூன்றாவதாக வெறும் தாளின் மேல் பென்சிலை நகர்த்தினாள். தோள் இருக்க வேண்டிய இடத்தில் அது எதிலோ முட்டி வளைந்தது. விரல் இடுக்குகளுக்குள் நுழைந்தபோது ஈரச் சுவரைத் தொட்டதுபோல் குளிர்ந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் பாதி வரைந்த பிள்ளையை எப்படி விடுவது? வரைந்து முடித்தாள். மூன்று தாளும் சுவருக்குப் போயின. அடுத்த மாதம் மகன் தன் கோட்டைவிட ஒரு விரற்கடை உயர்ந்திருந்தான். மூன்றாவது கோடு மட்டும் தானே வளர்ந்திருந்தது. பன்னிரண்டு அடித்தால் அவன் போய்விடுவான். எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

அப்பா லிப்ட் மெக்கானிக். இருபது மாடிக் குழிக்குள் கயிற்றில் தொங்குகிற மனிதர், இந்த விஷயத்தில் மட்டும் வெலவெலத்துப் போனார். "பேருகூடத் தெரியாத ஒண்ணுக்கு எதுக்கு பாடம்? நாளைலேர்ந்து மூணுன்னு கூப்பிடாத. தன்னால போயிடும்." அவள் கதவிடுக்கைக் காட்டினாள். உள்ளே மகள் ஜன்னலோரத்துப் பாயின் பக்கம் சாய்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை. ஆனால் ஏழு மாதத்துக்குப் பிறகு உதடு அசைந்தது. அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

வீட்டுப் பாடத்துக்கு அனுமதி கொடுக்கும் ஆய்வாளர் மழை பெய்த ஒரு புதன்கிழமை வந்தார். பிள்ளைகளில் பாதிக்கு மேல் வாயால் பதில் சொன்னால் அனுமதி. இல்லையென்றால் திங்கட்கிழமையே பழைய பள்ளிக்கூடம். தராசைப் பற்றி மகன் கணீரென்று சொன்னான். விதை முளைக்க என்னென்ன வேண்டும் என்று மகளைக் கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். மறுபடி கேட்டார். கண்ணில் நீர் முட்டியது, வாய் திறக்கவில்லை. இரண்டில் ஒன்று பாதிதானே, பாதிக்கு மேல் இல்லையே என்று டீச்சர் மனதுக்குள் கணக்குப் போட்டாள்.

"தண்ணி, காத்து, சூடு" என்றது ஜன்னலோரம். "கொஞ்சம் இருட்டும் வேணும் சார்."

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அந்தப் பாயைப் பார்த்தார். முப்பது வருடம் வகுப்பறைகளுக்குள் போய் வந்தவர். "ஓரத்துல உக்கார்றவன் எப்பவுமே கண்ணுல பட மாட்டான்" என்று சொல்லிவிட்டு, "உங்களுக்கு மூணு பசங்களாம்மா?" என்று கேட்டார்.

இரண்டு என்றால் மகள் பள்ளிக்குத் திரும்ப வேண்டும். மூன்று என்றால் அந்த மூன்றாவதும் இனி தன்னுடையது. அவள் மகளைப் பார்த்தாள்.

"மூணுதான் சார்."

"அப்ப மூணு கையெழுத்து போடுங்க. டீச்சர்னு இல்ல, அம்மான்னு."

மூன்றாவது கையெழுத்தில் பேனா அநியாயத்துக்குக் கனத்தது. பெயர்க் கட்டத்தில் 'பிறகு' என்று எழுதி, முத்திரை குத்தி, ஆய்வாளர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

பன்னிரண்டு அடித்தது. மகனும் மகளும் கை கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். ஜன்னலோரத்துப் பாயில் ஒரு ஆள் உட்கார்ந்த அழுத்தம் அப்படியே இருந்தது. அவன் போகவில்லை. அவன் ஏன் போக வேண்டும், அதுதான் கையெழுத்துப் போட்டாகிவிட்டதே.

"அம்மா, பசிக்குது" என்றது அந்தக் குரல்.

அவள் சோற்றுக் கரண்டியை எடுத்தாள். இதற்குச் சோறு போட்டால் இனி என்றைக்கும் போட வேண்டும் என்பது தெரிந்துதான் கரண்டியோடு அசையாமல் நின்றாள்.

"அம்மா" என்று மறுபடியும் கேட்டது. இது வேறு குரல். ரொம்ப நாள் திறக்காத கதவுபோல் கரகரத்தது. மகள் நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டிருந்தாள். "அவன் கேக்கறான்ல? போடும்மா."

அவள் அழுதாள். பயத்திலா சந்தோஷத்திலா என்றால், இரண்டிலும்தான். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகள் விட்டிருந்த வெற்றிடத்தைப் பார்த்து, "கை கழுவினியா?" என்று அதட்டினாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.