பழைய போனில் புதிய விலாசம்

கட்டில் விளிம்பில் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஜன்னலோர நாற்காலியில் அம்மா, மடியில் போன். தரையில் சுவரில் சாய்ந்தபடி தம்பி, மடிக்கணினியோடு. அவனுக்குப் பக்கத்துச் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் சோப்புப் பெட்டி அளவுக்கு அவனே அமைத்த சின்னக் கணினி, அவனுடைய சர்வர். நான் மேசையருகில். அக்கா வீட்டுக்காரர் அங்கே இல்லை. ஆனாலும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் நான்கு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

தம்பிக்கு வீட்டில் பெயர் பூட்டு. நம் வீட்டு நம்பர்கள் எந்தக் கம்பெனிக்கும் போகக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்று, எல்லோருடைய முகவரிப் புத்தகத்தையும் தன் சர்வருக்கு மாற்றியவன். ஒருவர் போனில் ஒரு பெயரைச் சேர்த்தால் மற்ற போன்களுக்கும் தானாக வந்துவிடும்.

அக்கா தன் புருஷன் வீட்டை விட்டு வந்து ஒரு வாரமாகியிருந்தது. அவர் முறுக்கிய மணிக்கட்டில் வீக்கம் இன்னும் வடியவில்லை. இதுவரை கூட வேலை செய்பவள் வீட்டில் தங்கியிருந்தவள், அன்று எங்களைப் பார்க்க வந்திருந்தாள். அன்று சாயங்காலம் ஒரு வாடகை அறைக்குக் குடிபோவதாக ஏற்பாடு. காலையில் அந்த விலாசத்தை என் போனில் நான்தான் ஏற்றினேன். கதவு எண், எந்த மாடி, எந்த மணியை அழுத்த வேண்டும் என்பதுவரை. அரைகுறையாக எழுதி எனக்குப் பழக்கமில்லை.

மத்தியானம் திடீரென்று உறைத்தது.

"பூட்டு, அக்கா அங்கயே விட்டுட்டு வந்த போனும் இதுல சேர்ந்திருக்கா?"

அவன் விரல் நின்றது. "சேர்ந்துதான் இருக்கு, சின்னக்கா."

"அதை அவர் சட்டைப்பையிலயே வச்சுக்கிட்டு அலையறார்" என்றாள் அக்கா. "எனக்கு யார் கூப்பிட்டாலும் அவர்தான் எடுக்கறார்."

"ஊருக்கெல்லாம் பூட்டு போட்டான், கொல்லைக் கதவை மறந்துட்டான்" என்றாள் அம்மா.

எந்தப் போன் எப்போது சர்வருக்கு வந்தது என்ற பதிவை அவன் திறந்து பார்த்தான். காலையிலேயே பழைய போன் வந்து விலாசத்தை எடுத்துப் போயிருந்தது.

"பாஸ்வேர்டை மாத்திடறேன்."

"மாத்தினா அங்க போனது அழியுமா?"

யோசித்தான். முகம் வெளுத்தது. "அழியாது. அங்கேயே தங்கிடும். இங்க அழிச்சுட்டு, கதவைத் திறந்தே வைக்கணும். அந்தப் போன் மறுபடி வந்து பார்த்தாத்தான் அங்கயும் அழியும்."

அழித்தான். பிறகு வேலையே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அக்கா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், திறந்தாள். நான் பேனா மூடியைக் கடித்தேன்.

"வந்துச்சாடா?" என்றாள் அம்மா.

"பஸ்ஸாம்மா, எட்டிப் பார்த்துச் சொல்ல?"

அம்மாவின் போன் அடித்தது. மாப்பிள்ளை. அக்கா விரலை உதட்டில் வைத்தாள். அம்மா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சாப்பிட்டீங்களா அத்தை?"

"ஆச்சு மாப்பிள்ளை."

"உடம்பைப் பாத்துக்கோங்க. சும்மாதான் கூப்பிட்டேன். வச்சிடறேன்."

"பரவால்லயே, இன்னிக்கு மரியாதையாப் பேசினார்" என்றாள் அம்மா.

அதே சமயம் தம்பி துள்ளினான். "வந்துடுச்சு! அங்கயும் அழிஞ்சுது!" உடனே பாஸ்வேர்டை மாற்றினான். நான் மூச்சு விட்டேன்.

அக்கா மட்டும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தினம் கூப்பிட்டு என்னம்மா கேப்பார்?"

"வேற என்ன? 'அவ எங்க'ன்னு பிடுங்கி எடுப்பார்."

"இன்னிக்குக் கேக்கலையே."

தம்பி மடிக்கணினியை மெதுவாக மூடினான்.

"சின்னவளே, எழுது" என்றாள் அக்கா. "அந்த வாடகை அறையோட வீட்டுக்காரம்மா போனை எடுக்க மாட்டாங்க, எதுவானாலும் கடுதாசில எழுதித் தரணும்பாங்க. நான் குடிவரலன்னு எழுது. யார் வந்து கேட்டாலும் என்னைத் தெரியாதுன்னு சொல்லச் சொல்லு."

"அப்போ நீ எங்க போவ?"

"அதை உங்க யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. நானே கூப்பிடறேன்."

நான் எழுதினேன். அக்கா ஒருமுறை படித்து, 'தயவுசெய்து' என்று ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னாள். காகிதத்தை மடித்து உறையில் போட்டு, விளிம்பில் பசை தடவி அழுத்தினேன். தெருமுனைக் கூரியர்காரர் கடை சாத்துவதற்குள் ஓடிப்போய்க் கொடுத்தேன். அவர் முத்திரை குத்தி மற்ற கடிதங்களோடு பையில் போட்டார்.