ஞாபகம் வைத்துக்கொள்ளும் வசதி

சுனாமி வந்து போனதற்கு மறு வருஷம் துர்காதேவி தன் கடைக்குப் புது பிரவுசர் தேட ஆரம்பித்தாள். மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் அவளும் அண்ணன் அருணகிரியும் சேர்ந்து ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார்கள். சொந்த ஊர் உள்ளே தள்ளி மானாமதிப் பக்கம். அப்பா இன்னும் அங்கே நெல்தான் போட்டுக்கொண்டிருந்தார். அருணகிரி பகலில் சுற்றுலா வேன் ஓட்டுவான், சாயங்காலம் கடைக்கு வருவான். துர்காதேவி செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். கடை அவள் பொறுப்பு.

பழைய பிரவுசரில் தொல்லை அதிகம். எதைத் திறந்தாலும் தனி ஜன்னலாகத் திறக்கும். நாலைந்து திறந்தாலே கீழ்ப்பட்டை நிறைந்து, எது எது என்று தெரியாமல் பெயர்கள் ஓரெழுத்தாகச் சுருங்கிவிடும். கடையில் இருந்தவை பழைய மெஷின்கள், அப்படியே உறைந்து நிற்கும். வந்தவர்கள் பொறுமையிழந்து காலாலேயே பெட்டியின் பொத்தானை அமுக்குவார்கள். அதைவிட மோசம், கேட்காமலே குதித்து வரும் விளம்பர ஜன்னல்கள். பொத்தேரி காலேஜில் படிக்கும் ஒரு பெண் லீவுக்கு வந்தபோது தேர்வு முடிவு பார்க்க உட்கார்ந்தாள். ஆபாசப் படம் ஒன்று திடீரென்று விரிந்ததில் முகம் சிவந்து எழுந்து போனவள், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

மாதக்கணக்கில் தங்கியிருந்த ஜெர்மன்காரர் ஒருவர் இரண்டு பிரவுசர்களை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தார். துர்காதேவி ஒன்றை வாசலோர மெஷின்களிலும், மற்றதை உள்பக்க மெஷின்களிலும் ஏற்றினாள். யாரிடமும் அபிப்பிராயம் கேட்கவில்லை. உட்கார்ந்தவர்களின் கைகளைத்தான் கவனித்தாள்.

முதல் பிரவுசர் வேகமானது. ஆனால் ஜன்னலின் மேலே எப்போதும் ஒரு விளம்பரப் பட்டை ஓடும். மவுசின் வலது பொத்தானை அழுத்தியபடி இடதுபக்கம் இழுத்தால் முந்தைய பக்கத்துக்குப் போய்விடும். வெளிநாட்டுக்காரர்கள் அதை ரசித்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்குக் கை தவறி இழுபட்டு, பாதி எழுதிய மெயில் காணாமல் போனது. இரண்டாவதில் அந்த வித்தை கிடையாது. ஒரே ஜன்னலுக்குள் மேலே வரிசையாக டேப்கள், ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மற்றது பின்னால் வந்துவிடும். மூலையில் தேடுவதற்கு ஒரு சின்னக் கட்டம். விளம்பர ஜன்னல்களை வாசலிலேயே தடுத்துவிடும். சில அரசாங்கப் பக்கங்கள் மட்டும் அதில் கோணல்மாணலாக வந்தன. அதற்காகப் பழையதையும் ஓரத்தில் விட்டுவைத்துவிட்டு, இரண்டாவதையே எல்லா மெஷினிலும் போட்டாள்.

அதில் இன்னொரு வசதியும் இருந்தது. யாராவது பாஸ்வேர்டு அடித்தால், ஞாபகம் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். சரி என்றால், அடுத்த முறை பெயரும் பாஸ்வேர்டும் தானாகவே கட்டங்களில் வந்து உட்கார்ந்திருக்கும். தினமும் வருகிறவர்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று துர்காதேவி நினைத்தாள். அதை அணைக்கவில்லை.

"ஆளு வந்து குந்தின ஒடனே பேரு தானா வந்து நிக்குது பாரு. பக்கத்துக் கடைல இந்த வசதி கீதா?" என்று அருணகிரி சந்தோஷப்பட்டான்.

தினமும் வருகிறவர்களில் ஒருத்தி தெய்வநாயகி. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வந்து, கடைசி மெஷினில் உட்காருவாள். மாலத்தீவில் ஆசிரியர் வேலைக்கு முயன்றுகொண்டிருந்தாள். அவளுடைய பள்ளியிலிருந்து ஏற்கெனவே இரண்டு பேர் போயிருந்தார்கள். வீட்டில் கணவர் சுப்புராமன், மூன்றாவது படிக்கும் மகள். சுப்புராமன் திருக்கழுக்குன்றத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் கிளார்க். இந்த முயற்சியை அவர் தடுக்கவும் இல்லை, வாய்விட்டுச் சம்மதம் சொல்லவும் இல்லை.

ஆடி மாதத்தில் தொலைபேசியில் நேர்காணல் நடந்தது. "நல்லா பேசினேன் துர்கா. ரெண்டு வருஷம்தான். வந்து சொந்தமா ஒரு வீடு கட்டிடலாம்" என்றாள் தெய்வநாயகி. அன்று அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைத் துர்காதேவி அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த வாரம், ஒரு புதன்கிழமை முற்பகலில் சுப்புராமன் கடைக்கு வந்தார். புனேயில் இருக்கும் அண்ணனுக்கு மெயில் அனுப்ப வேண்டும் என்றார். அவருக்கென்று ஒரு முகவரியைத் தெய்வநாயகிதான் எப்போதோ தொடங்கிக் கொடுத்திருந்தாள். கடைசி மெஷின் காலியாக இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. இரண்டு விரலால் தட்டும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. கொஞ்சம் கழித்து எழுந்து துர்காதேவியின் மேஜைக்கு வந்தார்.

"ஏம்மா, ஒரு மெயில் அனுப்பிட்டா அத திரும்ப எடுக்க முடியுமா?"

"முடியாது சார். போனது போனதுதான். இன்னா சார், அட்ரஸ் தப்பாப் போட்டுட்டீங்களா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

செருப்பை மாட்டக்கூட நேரமெடுத்துக்கொண்டு மெல்ல வெளியே போனார். துர்காதேவி அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

தெய்வநாயகி காத்திருந்தாள். மாலத்தீவிலிருந்து ஒன்றும் வரவில்லை. கடைசியில் அவளே பணிவாக ஒரு மெயில் எழுதிக் கேட்டாள். அதற்குப் பதில் வந்த சாயங்காலம், கடைசி மெஷினிலிருந்து அவள் குரல் வந்தது.

"துர்கா, இங்க கொஞ்சம் வா."

திரையில் மாலத்தீவுப் பள்ளியின் பதில் இருந்தது. நீங்கள் வர இயலாது என்று தெரிவித்ததால் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம், வருந்துகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே அவள் பெயரில் போன மெயிலும் இருந்தது. குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பணியில் சேர இயலவில்லை, சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று இரண்டே வரி.

"இத நான் அனுப்பல" என்றாள் தெய்வநாயகி. குரல் நடுங்கவில்லை. ஒரு கணக்கில் தப்பு எங்கே என்று தேடுகிற மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "புதன்கிழமை காலைலனு போட்டிருக்கு. அந்த நேரம் நான் க்ளாஸ்ல இருந்தேன். என் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது."

துர்காதேவி குனிந்து இன்னொரு டேப்பைத் திறந்து, மெயில் கணக்கிலிருந்து வெளியே வந்து, மறுபடி முகப்புப் பக்கத்தைத் திறந்தாள். தெய்வநாயகியின் பெயர் தானாக வந்து நின்றது. கீழே பாஸ்வேர்டு கட்டத்தில் வரிசையாக நட்சத்திரங்கள். இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"இது எல்லாருக்கும் இப்படித்தான் வருமா?"

"இந்த மெஷின்ல யாரு ஒக்காந்தாலும் வரும் டீச்சர். நான் அத நிறுத்தி வெச்சிருக்கணும். நெனச்சுக்கூடப் பாக்கல."  அந்தப் புதன்கிழமை சுப்புராமன் தன் மேஜைக்கு வந்து கேட்ட கேள்வி அப்போதுதான் துர்காதேவியின் நினைவுக்கு வந்தது.

"அன்னிக்கு இங்க யார் உக்காந்தாங்க?"

"நாளைக்குச் சொல்றேன் டீச்சர்."

"நாளைக்கா?"

"கண்டிப்பா சொல்றேன்."

தெய்வநாயகி அவளைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.

வேனை நிறுத்திவிட்டு வந்த அருணகிரியிடம் துர்காதேவி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"பேஜாரு புடிச்ச வேல. புருஷன் பொண்டாட்டி நடுவுல நீ எதுக்குப் பூர்ற? எவனோ வெளியூர்க்காரன் பண்ட்டான்னு சொல்லி முடிச்சிடு."

"எவனோன்னு சொன்னா அந்த டீச்சர் பாக்குற ஆளு மேலெல்லாம் சந்தேகப்பட்டுகினு கெடக்கும். இஸ்கூல்ல கூட வேல செய்றவங்க, பக்கத்து வூட்டுக்காரங்க, எல்லாரையும்."

"பட்டுகினு போவட்டும். நம்ம கட பேரு இன்னா ஆவும்?"

"நம்ம கடைலதான்ணா அது நடந்துச்சு. அந்த சாஃப்ட்வேர எடுத்துப் போட்டது நான்."

மறுநாள் காலையில் அவள் திருக்கழுக்குன்றத்துக்குப் பஸ் ஏறினாள். வங்கியில் கூட்டம் இருந்தது. கவுண்டருக்குப் பின்னால் இருந்த சுப்புராமன் அவளைப் பார்த்ததும் பேனாவை மூடினார். எதற்கு வந்தாள் என்று கேட்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். டீக்கடையைத் தாண்டி, சைக்கிள் நிறுத்துகிற நிழலில் நின்றார்கள்.

"அவளுக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"மெயில் போனது தெரிஞ்சுபோச்சு. யாருன்னு நான் இன்னும் சொல்லல சார்."

சுப்புராமன் சாலையைப் பார்த்தபடி பேசினார். "நான் அதுக்காக வரலம்மா. மெயில் பக்கத்தத் தொறந்தேன், அவ பேரு தானா வந்து நின்னுச்சு. என்னன்னு பாக்கலாம்னு அழுத்தினேன். மொதல்ல அந்த மெயில்தான் இருந்துச்சு. வேல கெடச்சிடுச்சு, வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லுங்கன்னு. படிச்சதும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு. கொழந்தைக்குத் தல பின்னக்கூட எனக்குத் தெரியாது. இவ போனா திரும்பி இந்த வாழ்க்கைக்கு வருவாளான்னு தோணிச்சு."

"அதெல்லாம் டீச்சர்கிட்ட சொல்லியிருக்கலாமே சார்."

"சொன்னா அவ போகாம இருந்துடுவா. அப்புறம் காலம்பூரா அந்தக் கொறை என் தலைல. இப்படின்னா ஸ்கூல்காரங்களே வேணாம்னுட்ட மாதிரி ஆயிடும்னு நெனச்சேன். அனுப்பின ஒடனே எப்படியாவது திரும்ப எடுத்துடணும்னு தோணிச்சு. அதான் உன்கிட்ட வந்து கேட்டேன்." அவர் குரல் தாழ்ந்தது. "வந்த மெயிலையும் போன மெயிலையும் அழிச்சதும் நான்தான்."

அப்போதுதான் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"யாரோ தெரியாத ஆளுன்னு சொல்லிடேன்மா. உனக்கு என்ன நஷ்டம்?"

"மாட்டேன் சார். இன்னிக்கி சாயங்காலம் டீச்சர் கடைக்கு வந்து கேட்டா, நீங்க ஒக்காந்தீங்கன்னு சொல்லிடுவேன். அதுக்கு முன்னாடி நீங்களே வூட்ல சொல்லிட்டா நல்லது."

அவர் வங்கிக்குள்ளே போய்விட்டார். துர்காதேவி ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினாள். செய்தது சரியா என்று அவளுக்கு நிச்சயமில்லை.

அன்று சாயங்காலம் தெய்வநாயகி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. "பாத்தியா, கஸ்டமரும் போச்சு" என்றான் அருணகிரி. துர்காதேவி ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து, ஞாபகம் வைத்துக்கொள்ளும் அந்த வசதியை அணைத்து, அதுவரை சேர்ந்திருந்த பெயர்களையெல்லாம் அழித்தாள். இவ்வளவு பேர் சரி என்று அழுத்தியிருந்தார்கள் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வழக்கமாக வருகிறவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு சுற்றுலா கைடு, பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று சத்தம் போட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்.

சனிக்கிழமை தெய்வநாயகி வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அவர் சொல்லிட்டார். நீ பேங்குக்குப் போனதையும் சொன்னார்."

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர்."

"எடுத்துக்கிட்டேன். அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கணும் நீ. ரெண்டு நாள் உன் மேல கோவமா இருந்துச்சு." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஆனா ஞாபகம் வெச்சுக்கட்டுமான்னு கேட்டப்ப யெஸ்னு அழுத்தினது நான். என்ன கேக்குதுன்னுகூடப் படிக்கல. பசங்கள கேள்விய ரெண்டு தரம் படிங்கடான்னு தெனம் திட்டுறேன்."

"வூட்ல…" என்று துர்காதேவி ஆரம்பித்தாள்.

"வீடு இருக்கு. அவர் இருக்கார். நான் இன்னும் அவர்கிட்ட சரியாப் பேசல. இப்ப அத விடு. அந்த ஸ்கூலுக்கு எழுதணும். நீயும் ஒண்ணு எழுதிக் குடுக்கணும், இது பொதுவான மெஷின், அன்னிக்கு அனுப்பினது நான் இல்லைன்னு."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார்கள். பதில் வருவதற்குள் தெய்வநாயகி சும்மா இருக்கவில்லை. மவுசின் நடுச் சக்கரத்தை அழுத்தினால் இணைப்பு புது டேப்பில் திறக்கும் என்பதைத் துர்காதேவி காட்டிக்கொடுத்தாள். அன்றிலிருந்து வெவ்வேறு தீவுகளின் பள்ளிகளை வரிசையாகத் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்று வந்து சேர்வதற்குள் இன்னொன்றைப் படித்து விண்ணப்பித்தாள். எழும்போது ஒவ்வொன்றாக மூடிவிட்டு, கணக்கிலிருந்து வெளியேறி, தன் பெயர் வருகிறதா என்று திரும்பத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போவாள்.

முதல் பள்ளி வருத்தம் தெரிவித்தது, அந்த இடம் போனது போனதுதான் என்றது. ஆனால் அதன் தலைமையாசிரியர் அவள் பெயரை வடக்கே ஒரு சின்னத் தீவின் பள்ளிக்குச் சொல்லியிருந்தார். பொங்கலுக்கு முன் அங்கே சேரச் சொல்லி மெயில் வந்தது. தெய்வநாயகி அதை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், கணவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாளாம். அவர் படித்து முடித்து, "எப்போ டிக்கெட் போடணும்?" என்று மட்டும் கேட்டாராம்.

அவள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சுப்புராமன் மகளை அழைத்துக்கொண்டு கடைக்கு வர ஆரம்பித்தார். குழந்தையின் பின்னல் முதலில் ஒரு பக்கம் தூக்கியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. போகப்போகச் சீரானது. குழந்தை ஹெட்போனை மாட்டிக்கொண்டு அம்மாவோடு பேசும். அவர் பின்னால் நிற்பார். தன் முறை வரும்போது இணைப்பு நன்றாக இருக்கிறதா, மழையா என்று கேட்பார். வேறு என்ன பேசுவது என்று தெரியாதவர் போலச் சிறிதுநேரம் ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டிருப்பார். துர்காதேவியிடம் அவர் பேசுவது குறைவு. ஆனால் கடையை மாற்றவில்லை.

ஒரு வருஷம் கழித்து லீவில் வந்த தெய்வநாயகி, திரும்பிப் போகையில் மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேயே பள்ளியில் சேர்த்தாள். சுப்புராமன் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு ஒருமுறை போய்விட்டு வந்து, கடல் அங்கே பச்சை நிறம் என்று எல்லோரிடமும் சொன்னார். அவர்களுக்குள் அந்தப் புதன்கிழமையைப் பற்றிய பேச்சு முடிந்ததா, அப்படியே கிடக்கிறதா என்று துர்காதேவிக்குத் தெரியாது. இருவரில் யாரிடமும் அவள் கேட்டதில்லை.