ஏழாம் குட்டிக்கு மூன்றாவது புட்டி

ஏழாம் குட்டியின் ரத்த அறிக்கையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு ஆட்டுக்குட்டிகள். இரட்டைப்படை எண் குட்டிகளுக்கு வளர்ச்சிக் காரணி ஊசி, ஒற்றைப்படைக்கு வெறும் உப்புநீர். முழங்கால் குருத்தெலும்பு எந்தக் கூட்டத்தில் நன்றாக வளர்கிறது என்று பார்ப்பதுதான் என் மூன்று வருட உழைப்பு. உப்புநீர் மட்டுமே வாங்கிய இந்த ஏழின் ரத்தத்தில் வளர்ச்சிக் காரணி கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. வெள்ளிக்கிழமை எல்லாக் குட்டிகளையும் கொன்று மூட்டுகளை எடுத்தாக வேண்டும்.

ஊசியை நானே மாற்றிப் போட்டுத் தொலைத்தேனா? பதிவேட்டை மூன்று முறை புரட்டினேன். என் மேல் தப்பில்லை. அப்படியென்றால் பால். குட்டி கூடுதலாகப் பால் குடித்தால் அதன் ஈரலே அந்தக் காரணியை அதிகம் சுரக்கும். பால் கொடுப்பது கொட்டகைப் பொறுப்பாளர், அதாவது என் வீட்டுக்காரர்.

பதிவேட்டோடு கொட்டகைக்குப் போனேன். ஆள் வாளி கழுவிக்கொண்டிருந்தார். ஏழு அவர் சட்டை நுனியைச் சப்பிக்கொண்டு நின்றது.

“இதுக்கு ஒரு நாளைக்கு எத்தனை புட்டி?”

“எல்லாத்துக்கும் ரெண்டு.”

“என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.”

“மூணு,” என்றார்.

வந்ததே எனக்குக் கோபம். “உசிரக் குடுத்து வேல பாத்தேன். இப்படி மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே. எழுதாம விட்டா என் முடிவே பொய். எழுதினா உங்களக் கொட்டகையிலேர்ந்து மாத்திடுவாங்க. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க.”

“எழுதும்மா. எழுதினா ஏழ ஆய்விலேர்ந்து நீக்கிடுவாங்கல்ல?”

“ஆமா.”

“நீக்கின குட்டியக் கொல்ல மாட்டாங்க. யாராவது வளக்க எடுத்துக்கலாம்.”

மனுஷன் தெரிந்தேதான் செய்திருக்கிறார்.

“பால் கூடினா ரத்தத்துல காட்டிடும்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“நீதான். சாப்பிடும்போது பதினொரு வருஷமா வேற என்ன பேசுற?”

நான் பேசப் பேசத் தட்டை விட்டுத் தலை நிமிராத மனிதர் இவர். சுவரிடம் பேசுகிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். கோபம் இன்னும் போகவில்லை, ஆனால் கண் நிறைந்துவிட்டது. அவர் பார்த்துவிடக் கூடாதென்று பதிவேட்டை விரித்து எழுதினேன்: எண் ஏழு, கூடுதல் பால், ஆய்விலிருந்து நீக்கம். கொடுத்தவர் என்ற கட்டத்தில் அவரே ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

“மத்த பதினொண்ணும் பாவமில்லையா?” என்று கேட்டேன். குத்திக்காட்டத்தான் கேட்டேன்.

அவர் வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

“பன்னெண்டுக்கும் குடுக்கணும்னுதான் கை துடிச்சுது. அப்புறம் உன் மூணு வருஷம் போயிடும். ஒண்ணுன்னா நீ எப்படியாவது சமாளிச்சிடுவேன்னு தெரியும்.”

அவர் கையெழுத்துக்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.