வேட்டில்லாத அழைப்பு

"ஏத்தா, இந்த ஆட்டிசம் ஒரு பெட்டி என்ன வெல? எத்தன ஷாட்டு?"

கைப்பேசியில் ஒலித்த கேள்வி அழகுமீனாவுக்கு விளங்கவில்லை. பேசியவர் ஒச்சப்பன்; உசிலம்பட்டியில் பட்டாசு மொத்த வியாபாரம் செய்பவர். அவள் வேலை பார்க்கும் சிவகாசி ஆப்செட் பிரஸ்ஸுக்கு ஆண்டுதோறும் விலைப்பட்டியல் அச்சடிக்க வருகிறவர்.

"என்னண்ணே கேக்குறீக?"

"குரூப்புல போட்டிருக்கியே, அதத்தான். செவப்புல மஞ்சப்பூ வெடிச்சு, நடுவுல பச்சப்புள்ள சிரிக்குதே, அந்த லேபிளு. பேரு புதுசா இருக்கு. மேல போயி வெடிக்குமா, தரையில சுத்துமா?"

"அது பட்டாசு இல்லண்ணே. மாநாடு."

"மாநாடுன்னு சரம் வேற இருக்கா? அதுலயும் ரெண்டு பெட்டி போடு."

பேசி முடித்தபோது அழகுமீனாவுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. கணினித் திரையில் திறந்திருந்த நோட்டீசைத் திரும்பப் பார்த்ததும் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று. ஒச்சப்பன்மேல் குற்றமில்லை. பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்து பழகிய கை அவளுடையது. சிவப்பு இல்லாவிட்டால் கடைக்காரன் கண்ணில் படாது, பூ வெடிக்காவிட்டால் பட்டாசு என்றே நம்பமாட்டான், குழந்தை சிரிக்காவிட்டால் வீட்டுக்குள் நுழையாது என்று இந்தத் தொழிலில் சொல்வார்கள். அந்தப் பாடத்தை ஒரு பிசகும் இல்லாமல் ஒப்பித்திருந்தாள். விருதுநகரில் நடக்கவிருந்த ஆட்டிசம் மாநாட்டின் அறிவிப்பு, தீபாவளிக்கு வரும் புதுச் சரக்கைப்போல ஜொலித்துக்கொண்டிருந்தது.

அறிவிப்பை ஊரெங்கும் கொண்டுசேர்க்கும் பொறுப்பை அவளிடம் ஒப்படைத்தவர் சொர்ணலட்சுமி டீச்சர். விருதுநகரில் சிறப்புக் குழந்தைகளுக்கான சிறு பள்ளி ஒன்றை நடத்துகிறவர். அழகுமீனாவின் மகள் எழில் அங்கேதான் படிக்கிறாள்; ஆட்டிசம் உள்ள பிள்ளை அங்கே அவள் ஒருத்திதான். மருத்துவர்களும் சிறப்புப் பள்ளிகளும் பெற்றோரும் வாசிக்கும் மாதாந்திர மின்மடல் ஒன்றும் டீச்சரின் பொறுப்பில் வந்துகொண்டிருந்தது. மின்மடல் வழியாகவும் இணையத்தில் இயங்கும் பெற்றோர் குழுக்கள் வழியாகவும் செய்தி போன கையோடு சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பெயர்கள் வந்து குவிந்தன. இந்த வட்டாரத்துக்கு மின்மடல் எட்டாது என்பதால், பிரஸ் பழக்கத்தில் தான் சேர்ந்திருந்த வாட்ஸாப் குழுக்களில் எல்லாம் அழகுமீனா நோட்டீசைப் போட்டாள். தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்கள், பட்டாசு ஆலை ஃபோர்மேன்கள், லோடு வண்டி ஓட்டுநர்கள், மகளிர் சுய உதவிக் குழுக்கள், காலண்டர் ஏஜெண்டுகள் என்று ஒன்றையும் விடவில்லை. கைகூப்பும் படங்கள் வந்தன. 'வாழ்த்துகள்' வந்தது. ஒச்சப்பனின் ஆர்டர் வந்தது. வருகிறேன் என்று ஒரு தாயும் சொல்லவில்லை.

அன்று பிற்பகல் டீச்சர் தயக்கத்தோடு அழைத்தார்.

"மீனா, மாநாட்டுக் கமிட்டில ஒரு பேச்சு ஓடுதும்மா. வர்றவங்க எல்லாரும் வெளியூரா இருக்கும்போது விருதுநகர் எதுக்கு, மதுரையிலயே வச்சிரலாமேங்கிறாங்க. ஞாயித்துக்கிழம சாயங்காலம் முடிவு பண்ணிருவாங்க. அதுக்குள்ள நம்ம பக்கத்து ஆளுக கொஞ்சப் பேராவது பேரு குடுத்தாத்தான் நான் பேச முடியும்."

"பாக்குறேன் டீச்சர்" என்றாள் அழகுமீனா.

மதுரை தொலைவில்லை. ஆனால் எழிலைக் கூட்டிக்கொண்டு போன ஒரே தடவை, முன்னால் போன லாரியின் ஹாரன் சத்தத்தில் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு கதறிய கதறலில், பேருந்தே எழுந்து நின்று புத்தி சொன்னது. நடத்துநர் கள்ளிக்குடியில் விசில் அடித்து இருவரையும் இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு மதுரை அவளுக்குக் கடல் கடந்த ஊராகிவிட்டது. மாநாட்டில் பேசப்போகும் நிபுணர்களின் சொற்களைவிட அவள் ஏங்கியது வேறொன்றுக்காக. வெடிமருந்தை நம்பி உலை வைக்கும் இந்தச் சீமையில், வெடிச்சத்தம் தாங்காத பிள்ளையை வளர்க்கும் இன்னொரு தாயை அவள் இதுவரை கண்டதில்லை. ஒருத்தியாவது இருக்கவேண்டும், இருப்பவள் வரவேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது எழில் கூடத்தில் அமர்ந்திருந்தாள். ஒன்பது வயது. முன்னால் பிரஸ்ஸிலிருந்து அம்மா கொண்டுவரும் காகிதத் துண்டுகள். அச்சான தாளின் ஓரத்தில் மையின் அளவைச் சரிபார்க்க நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று வரிசையாகக் கட்டங்கள் விழும். தாளை வெட்டும்போது அந்த ஓரம் கழிவாகிவிடும். எழிலுக்கு அதுதான் செல்வம். கட்டங்களை விரலால் தடவியபடி முனகிக்கொண்டிருந்தாள். அடித்தொண்டையிலிருந்து எழும் ஒரே நீண்ட ஒலி. முடியும் இடத்தில் சின்னதாக ஒரு முறிவு. மறுபடியும் அதே ஒலி. அவள் நிம்மதியாக இருக்கிறாள் என்பதற்கு வீட்டார் அறிந்த ஒரே அடையாளம் அது.

லோடு வண்டி ஓட்டும் கணவன் ராஜபாண்டியன், ஒச்சப்பன் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அவரு கேட்டதுல என்ன புள்ள தப்பு? ஒன் நோட்டீசப் பாத்தா எனக்கே திரியத் தேடிப் பத்தவைக்கணும்போல இருக்கு."

"சிரிங்க, சிரிங்க. ஞாயித்துக்கிழம போச்சுன்னா மாநாடு மதுரைக்குப் போயிரும்."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "தீப்பெட்டிக் கம்பெனி கேட்டுல போனை வாங்கி வச்சுக்கிறாக. திரும்ப வேன் ஏறும்போதுதான் கையில குடுக்குறாக. ஒடம்பு அசந்து கெடக்குற நேரத்துல ஆட்டிசம், கருத்தரங்கம், சிறப்புரைன்னா எவ படிப்பா? அந்தப் பேரே எவளுக்கும் தெரியாதே."

"நமக்கு மட்டும் தெரிஞ்சா இருந்துச்சு?" என்றாள் அழகுமீனா. டாக்டர் அந்தச் சொல்லைச் சொன்ன நாள் நினைவுக்கு வந்தது. அதற்கு வெகு முன்பே, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பெயர் கடைசியில்தான் வந்தது. "பேரச் சொல்லிக் கூப்பிட்டா வரமாட்டாகங்க. புள்ளையச் சொல்லிக் கூப்பிடணும். நான் பேசியே அனுப்பப்போறேன்."

"பேசு."

"எழிலப் பத்திச் சொல்லவேண்டியிருக்கும். அந்தக் குரூப்புல எல்லாம் மல்லாங்கிணத்து ஆளுகளும் இருக்காக."

மல்லாங்கிணறு அவனுடைய ஊர். பிள்ளைக்குப் பேச்சு வரக் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான் என்று உறவினரிடம் இருவரும் சொல்லிவைத்திருந்தார்கள். ராஜபாண்டியன் மகளைப் பார்த்தான். அவள் மஞ்சள் கட்டத்தில் விரலை வைத்திருந்தாள்.

"சொல்லு" என்றான். "எம்பேரையும் சேத்தே சொல்லு. இன்னாரு புள்ளன்னு தெரியட்டும்."

அழகுமீனா கைப்பேசியை வாயருகே பிடித்தாள். எழுதிவைத்து வாசிக்கவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ராஜபாண்டியன் சம்சாரம் அழகுமீனா. எங்களுக்கு எழில்னு ஒரு மக. கூப்பிட்டாத் திரும்ப மாட்டா. வேட்டுச் சத்தம் கேட்டாக் கட்டிலுக்கு அடியில போயிருவா. தெனமும் ஒரே தட்டு, ஒரே சோறு. திமிரும் இல்ல, பேயும் இல்ல. வளத்த வளப்புலயும் கொறையில்ல. இதே மாதிரி ஒங்க வீட்டுல ஒரு புள்ள இருந்தா, விருதுநகர்ல மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முடிஞ்சு ஒரு கூட்டம் வச்சிருக்கோம், கூட்டிக்கிட்டு வாங்க. அங்கன வேட்டு கெடையாது, மேளம் கெடையாது, மைக்கு சன்னமாத்தான் பேசும். புள்ள கத்துனா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாக. குரூப்புல பேரு போட வேண்டாம். எனக்குத் தனியாப் பேசுங்க, நம்பரு நோட்டீசுல இருக்கு."

அனுப்பிய பிறகு ஒருமுறை போட்டுக் கேட்டவள் திடுக்கிட்டாள். தொடக்கத்திலிருந்து கடைசிவரை, அவள் குரலுக்கு அடியில் எழிலின் முனகல் ஓடிக்கொண்டிருந்தது. பழகிய காதுக்கு அது கேட்டிருக்கவில்லை. சுவர்க் கடிகாரம் ஓடுவது யாருக்குக் கேட்கிறது?

"ஐயோ, அழிச்சிட்டு வேற பேசுறேங்க!"

"அடி இவளே, நான் அப்பவே எங்க டிரைவர் குரூப்புல தள்ளிட்டேன். ஒச்சப்பனும் அனுப்பியிருக்காரு பாரு."

ஒச்சப்பன் அனுப்பித்தான் இருந்தார். கீழே வழக்கம்போல 'ஒச்சப்பன் பட்டாசுக் கடை, மொத்த விலைக்கு அணுகவும்' என்ற வரியோடு.

மறுநாள் ஒரு குழுவில் எவனோ கேட்டிருந்தான்: 'பேச்சு சரி. பின்னால என்னக்கா வண்டு கத்துது?' அதற்குக் கீழே நாலைந்து சிரிப்புப் பொம்மைகள். அதைப் பார்த்த அழகுமீனா லேபிள் வேலையில் சிவப்புக்குப் பதில் நீலத்தைக் கொட்டி, முதலாளியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டாள். தன் மகள் தனக்காக வைத்திருக்கும் ஒரே பாட்டைத் தெருவில் இறைத்துவிட்டதாக நாளெல்லாம் மனம் அறுத்தது.

சனிக்கிழமை மாலை, அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எதிர்முனையில் வண்டி இரைச்சலும் பெண்கள் பேச்சும் கேட்டன. பிறகு இரைச்சல் அடங்கியது. பேசுபவர் வண்டியிலிருந்து இறங்கித் தள்ளி நின்றுகொண்டார் போலும்.

"எழிலு அம்மாவா பேசுறது?"

அந்தப் பெயரில் அவளை அதுவரை யாரும் அழைத்ததில்லை.

"ஆமா. நீங்க?"

"நான் மாரித்தாய். சாத்தூருக்குப் பக்கம், தீப்பெட்டிக் கம்பெனியில வேல. வேன்ல ஒரு புள்ள ஒங்க பேச்சப் போட்டா. நீங்க பேசுனது எனக்குச் சரியாக்கூடக் கேக்கல தாயி. பின்னால ஒண்ணு முனங்குச்சு பாருங்க, எனக்குத் தூக்கிவாரிப் போட்ருச்சு. எம்மவன் எப்பிடி வேனுக்குள்ள வந்தான்னு சீட்டுக்கடியில எல்லாம் தேடிட்டேன். கூட இருந்தவளுக சிரிச்சாளுக."

அழகுமீனா எழிலுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஒங்க மகனும் இப்பிடித்தானாக்கா?"

"அச்சு அசலா அப்பிடியே. இழுத்துக்கிட்டே போயிக் கடைசியில ஒரு வெட்டு வெட்டுவான். சந்தோசமா இருந்தாத்தான் அது வரும். நோட்டீசுல என்னமோ பேரு போட்டிருந்தீக, அதெல்லாம் எனக்குத் தெரியாது." பிறகு குரல் இறங்கியது. "ஒண்ணு கேக்கணும். நோட்டீசுல பச்சப்புள்ள படந்தான் இருந்துச்சு. எம்மவன் அன்பரசனுக்கு இருவத்திரெண்டு ஆகுது. மீச மொளச்ச ஆளு. அம்புட்டுப் பெரியவனையும் கூட்டியாரலாமா?"

தான் வைத்த அந்தச் சிரிக்கும் குழந்தை ஒரு வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது என்பது அப்போதுதான் அழகுமீனாவுக்கு உறைத்தது.

"கூட்டியாங்கக்கா. அவனுக்கும் சேத்துத்தான் கூட்டம்."

"கட்டிப்போடச் சொல்ல மாட்டாகல்ல? ஊர்ப் பொங்கலுக்கு வேட்டுப் போடும்போது நான் வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிருவேன். வேற என்ன செய்ய?"

"மாட்டாகக்கா. அங்கன வேட்டே இல்ல."

"வேட்டில்லாம நம்ம ஊர்ல எப்பிடித்தா ஒரு கூட்டத்தத் தொடங்குவாக?" என்று மாரித்தாய் உண்மையான வியப்போடு கேட்டாள். இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது இருபுறமும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எங்க வேன்லயே மாடத்தின்னு ஒருத்தி இருக்கா. அவ வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. வாயத் தெறக்க மாட்டா. நான் இழுத்துக்கிட்டு வாரேன்." பிறகு தயங்கியபடி, "ஒங்க புள்ள இப்ப முனங்குதா? வீட்டுக்குப் போனதும் எம்மவன்கிட்டப் போனைக் குடுக்கவா?" என்றாள்.

சொன்னபடியே மாரித்தாய் மறுபடி அழைத்தாள். அழகுமீனா ஒலிபெருக்கியைப் போட்டுக் கைப்பேசியை மகள் அருகில் வைத்தாள். ஆண் குரல் ஒன்று கனமாக, நீளமாக முனகியது. முடியும் இடத்தில் அதே முறிவு. எழில் தன் ஒலியை நிறுத்தினாள். கைப்பேசியைப் பார்க்கவில்லை. கையிலிருந்த வண்ணத் துண்டை மட்டும் தரையோடு நகர்த்தி அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். ராஜபாண்டியன் எழுந்து வாசலுக்குப் போய், வண்டியின் கண்ணாடியை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு காலை ஆலங்குளத்திலிருந்து ஒரு தகப்பன் அழைத்தான். பெயர் சொல்லவில்லை, வேட்டு கிடையாது என்பது நிசந்தானா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தான். சற்று நேரத்தில் மறுபடி அழைத்துப் பெயரைச் சொன்னான்.

மாலையில் டீச்சரிடம் அனைத்தையும் சொன்னபோது அவர் குரலில் தயக்கம் இல்லை.

"மதுரை எங்கயும் ஓடிப்போயிறாதும்மா. இந்த வருசம் விருதுநகர்தான், நான் பேசிக்கிறேன். நோட்டீச மட்டும் மாத்திக் குடு."

"மாத்திட்டேன் டீச்சர். செவப்பு இல்ல, வெடிக்கிற பூ இல்ல, அந்தப் புள்ள படத்தையும் எடுத்துட்டேன். எழிலோட வண்ணக் கட்டம் மட்டும் ஓரத்துல இருக்கு. வேட்டு இல்ல, வயசுக் கணக்கு இல்லன்னு மேலயே பெருசாப் போட்டிருக்கேன்."

"நல்லது. நீ பேசுனதையும் இந்த மாச மின்மடல்ல சேத்துரலாம்னு இருக்கேன். பின்னால ஏதோ சத்தம் கேக்குதே, அத மட்டும் எடுத்துரச் சொல்லட்டுமா?"

அழகுமீனா மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எடுத்துறாதீக டீச்சர்" என்றாள். "அதக் கேட்டுத்தான் வாராக."