கண்முன்னே அழித்த படம்

கம்பம் கடைவீதியில் நான் நடத்திவரும் புகைப்பட நிலையத்திற்கு ஒரு நற்பெயர் உண்டு. அப்பெயர் என் கலைத்திறத்தால் வந்ததன்று. வரன் பார்க்கும் பொருட்டு எடுக்கப்படும் பெண்ணின் படம், காரியம் முடிந்தபின் சுந்தரலிங்கத்தின் கடையில் தங்காது என்னும் நம்பிக்கையால் வந்தது.

படச்சுருள் வழக்கிலிருந்த காலத்தில், தாய்மார்கள் படத்தோடு நெகட்டிவையும் கேட்டு வாங்கிச் செல்வர். ஒரு வரன் கூடாமற்போய், பெண் வேறிடத்தில் வாழ்க்கைப்பட்டபின், அவளுடைய பழைய படம் ஓர் அந்நியனின் அலமாரியில் கிடப்பதை எக்குடும்பமும் விரும்பாது. கணினி வந்தபின் நெகட்டிவ் மறைந்தது, வழக்கம் மறையவில்லை. தாய் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையை உற்றுநோக்குவாள். நான் படத்தை அழிப்பேன். அழித்தவை சென்று சேரும் குப்பைத்தொட்டியையும் திறந்து காலி செய்து காட்டுவேன். "போயிருச்சு ஆத்தா" என்பேன். அவ்வொரு சொல்லே என் கடையின் மூலதனம்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு ஐப்பசி மழையில், உத்தமபாளையத்திலிருந்த ஒரு ஸ்டூடியோவில் மின்னல் பாய்ந்து கணினி கருகியது. ஆல்பம் போடாத திருமணப் படங்கள் அதனுள் இருந்தன. பெண்ணின் தந்தை கடைக்காரரின் சட்டையைப் பிடித்து, "மறுபடியும் தாலி கட்டச் சொல்றியா?" என்று கேட்டாராம். இச்செய்தி வந்த அன்றே என் மனைவியின் தம்பி விஜயபாண்டி பேச்சைத் தொடங்கினான். பெங்களூரில் கணினி நிறுவனமொன்றில் வேலை பார்த்தவன். ஆட்குறைப்பில் ஊர் திரும்பி, என் கடையில் உடனிருந்தான்.

"மச்சான், நம்ம படத்தையெல்லாம் ஆன்லைன்ல போட்டு வச்சுருவோம். இடி விழுந்தா கம்ப்யூட்டர் போகும், படம் போகாது."

"எங்கன போட்டு வைப்ப?"

"அமெரிக்காவுல. பெரிய பெரிய கம்ப்யூட்டரா அடுக்கி வச்சிருக்காக."

"யாரு?"

"கம்பெனிக்காரக."

"அவுக ஆரு, எவருன்னு தெரியுமா உனக்கு?"

"பேங்க்குல நகை வச்சிருக்கீகளே, மேனேஜரோட அப்பன் பேரு கேட்டீகளா?"

"கேட்டேன். கூடலூர்க்காரரு. தபாலாபீசுல இருந்தாரு."

விஜயபாண்டி தலையில் அடித்துக்கொண்டான்.

எனினும், ஒரு பொருளின் நன்மை தீமைகளைச் சீர்தூக்காமல் தள்ளிவிடுதல் முறையன்று. தீயும் இடியும் திருட்டும் அப்படங்களை அணுகா. துபாயிலிருக்கும் தாய்மாமன் அங்கிருந்தே மருமகளின் மணக்கோலத்தைக் காணலாம். குறுந்தகடு கீறிப்போகும் தொல்லை இல்லை. இவை நன்மைகள். தீமைகளோவெனில், மழை பெய்தால் இணையம் வரும் தொலைபேசிக் கம்பி செத்துவிடும்; கடவுச்சொல் மறந்தால் நம் படத்திற்கு நாமே அந்நியராவோம். ஓரளவு வரை இலவசம் என்கிறார்கள். முன்பின் அறியாத எனக்கு ஒருவன் இடத்தை ஏன் இலவசமாகத் தரவேண்டும்? இவ்வினா என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் நன்மைகளை விஜயபாண்டியால் கையால் தொட்டுக் காட்ட முடிந்தது. என் தீமைகள் யாவும் ஐயங்களாகவே நின்றன. ஐயத்திற்குச் சான்று கேட்டால் எங்கே போவது?

"கல்யாணப் படம் மட்டும் போகட்டும்," என்று நிபந்தனையோடு இசைந்தேன். "பொண்ணு பாக்குற படம் ஒண்ணுகூடப் போகக்கூடாது."

"சரி மச்சான்."

படங்கள் இருந்த கோப்புறையை அவன் அந்த ஆன்லைன் இடத்தோடு இணைத்தான். அதனுள் எது விழுந்தாலும் தானாகவே ஒரு பிரதி மேலே சென்றுவிடும். பெண்களின் படங்களுக்கென நான் வைத்திருந்த சிறு கோப்புறை, அந்தப் பெரிய கோப்புறையின் உள்ளேதான் இருந்தது. அவன் அதை எண்ணிப்பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. தாய்மார் முன் படத்தை அழிக்கும் வழக்கத்தை நான் அவனுக்கு விளக்கியதும் இல்லை.

கார்த்திகையில் சுருளிப்பட்டி அக்கம்மாள் தன் மகள் அபிதாவைப் படமெடுக்க அழைத்துவந்தாள். வரன் கூடவில்லை. மறுபடியும் வந்து, என் பின்னால் நின்று, படம் அழிவதைக் கண்டு சென்றாள். தை பிறந்ததும் தாயும் மகளும் மீண்டும் என் கடைப்படி ஏறினர்.

"அண்ணே, பண்ணைப்புரத்துல இருந்து ஒரு இடம் வருது. புள்ளைய ஒரு போட்டோ எடுங்க. போன தடவ மாதிரி முறைச்சுக்கிட்டு நிக்காம எடுங்க."

"நான் எங்க முறைச்சேன்? மாமாதான் அசையாத, சிரிக்காதன்னாக," என்றாள் அபிதா.

அப்போது விஜயபாண்டி உற்சாகமாகத் திரும்பினான். "எதுக்குக்கா வெட்டிச் செலவு? பழைய படமே இருக்கே! மச்சான் தெரியாம அழிச்சுப்புட்டாக. அழிச்சாலும் ஆன்லைன்ல கொஞ்ச நாளைக்கு இருக்கும்க்கா. பாத்தேன், அம்புட்டையும் மீட்டுக் கொண்டாந்துட்டேன். உங்களோடது மட்டுமில்ல, எல்லார் படமும்!"

நான் தடுக்குமுன் திரை நிறைந்தது. பட்டுடுத்திப் பூச்சூடி, அதே நீலத் திரைச்சீலையின் முன் நிற்கும் பெண்கள். நான் ஒவ்வொரு தாயின் கண்முன்னும் அழித்தவர்கள்.

அபிதா குனிந்து பார்த்தாள். "ஏ, நம்ம சினேகா! அம்மா, நம்ம ஊரு ராக்கம்மா அத்த மக. இவளுக்குத்தான் கார்த்திகையில கல்யாணமாகி இப்ப மாசமா இருக்காளே."

அக்கம்மாள் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கு என் கண்ணு முன்னால அழிச்சீகளே, அது என்னது?"

"அழிச்சேன் ஆத்தா. இங்கன இருந்தது போயிருச்சு. அங்கன ஒரு காப்பி இருந்திருக்கு. எனக்கே இப்பத்தான் தெரியுது."

"அங்கனன்னா எங்கன?"

"அமெரிக்காவுல."

"அங்கன நமக்கு யாரு இருக்கா?"

இச்செய்தி ஊருக்குள் பரவினால், கூடலூரிலிருந்து தேனி வரை எந்தத் தாயும் இனி என் சொல்லை நம்பாள் என்பது தெளிவாகத் தெரிந்தது.

"மாப்ள, பொம்பளப் புள்ளைக படம் அம்புட்டையும் அழி. இங்கனயும் அங்கனயும்."

விஜயபாண்டி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தான். நிரந்தரமாக நீக்கவா என்று திரை ஆங்கிலத்தில் கேட்டது. அவன் அழுத்தினான். "போயிருச்சுக்கா. இனி எவனாலயும் எடுக்க முடியாது."

"உங்க மச்சானும் இப்படித்தான் தம்பி ஒரு அமுக்கு அமுக்கிட்டு, போயிருச்சுன்னாக."

நான் எழுந்து, பிரிக்கப்படாத ஒரு மெமரி கார்டை எடுத்து, அவள் முன்னிலையில் பிரித்துக் கேமராவில் செருகினேன். அபிதாவைச் சிரிக்கச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தைக் கணினியில் ஏற்றாமல், கார்டை நேராகப் பிரிண்டரில் செருகி அச்சிட்டேன். பின்பு படத்தையும் கார்டையும் அக்கம்மாளின் கையில் வைத்தேன்.

"முந்தி நெகட்டிவ் குடுப்பேன்ல, அது மாதிரி இது. நீங்களே வச்சுக்கங்க."

அவள் அந்த நகமளவுத் துண்டைப் புரட்டினாள். "நெகட்டிவ்னா வெளிச்சத்துல தூக்கிப் பாக்கலாம். இதுல என்னத்தப் பாக்க?" பின்பு பிரிண்டரைச் சுட்டினாள். "அந்த மிசினு உள்ளுக்குள்ள ஒண்ணு எடுத்து வச்சுக்கிராதுல்ல?"

பிரிண்டரை நான் அதுவரை ஐயுற்றதே இல்லை. அதன் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரிஞ்சு வச்சுக்கிராது."

"எனக்குத் தெரிஞ்சுங்குறீக. போன தடவ அதச் சொல்லல."

"இல்ல ஆத்தா. சொல்லல."

அவள் கார்டை முந்தானையில் முடிந்தாள். "தம்பி, அந்த வயர உருவுங்க." விஜயபாண்டி உருவினான். பச்சை விளக்கு அணையும்வரை நின்று பார்த்தாள். பின்பு வாசலில் திரும்பி, "ராக்கம்மாகிட்ட நீங்களா சொல்றீகளா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"நானே வர்றேன்."

"எப்ப?"

"இப்பவே. உங்க பஸ்ஸுலயே வர்றேன்."

விஜயபாண்டி தாழ்ந்த குரலில் கேட்டான்: "மச்சான், அங்கன இருக்குற கல்யாணப் படத்த என்ன செய்ய?"

"அது ஊரறிஞ்ச படம். கெடக்கட்டும். இந்தப் பொண்ணுக ஃபோல்டர முதல்ல அதுலருந்து பிரிச்சு வை. நான் வந்து பாப்பேன்."

"பாத்தாத் தெரியவா போகுது உங்களுக்கு?"

"தெரியாதுதான். ஆனாலும் பாப்பேன்."

சுருளிப்பட்டிப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அக்கம்மாளும் அபிதாவும் அமர்ந்தனர். ராக்கம்மாளிடம் எச்சொல்லில் தொடங்குவது என்று நான் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றும் நிற்கவில்லை. முந்தானை முடிச்சை இறுகப் பிடித்தபடி, பேருந்து நின்ற இடந்தோறும் அக்கம்மாள் திரும்பிப் பார்த்தாள், நான் நடுவில் எங்கும் இறங்கிவிடவில்லையே என்று.