பெண்கள் பெஞ்சில் தணிகாசலம்

இடது மார்புக் காம்புக்கு அடியில் கட்டி வந்தபோது தணிகாசலம் அதை வேர்வைக் கட்டி என்றுதான் நினைத்தான். சொந்த ஊரான தாமலில் இருந்த நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, காஞ்சிபுரத்தில் சைக்கிள் கடை போட்டிருந்தான். மனைவி கிருஷ்ணவேணி மஞ்சள் பற்றுப் போட்டுப் பார்த்தாள். கட்டி கல்லாக இறுகி, சட்டையில் ரத்தம் கசிந்த பிறகே மதராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அது 1971.

மார்பகப் புற்றுநோய் என்றார் டாக்டர். அது பொம்பளைகளுக்கு வருவதுதானே என்று தணிகாசலம் கேட்டான். ஆண்களுக்கும் அபூர்வமாக வரும், இதற்கு முன் ஒருவரைப் பார்த்திருக்கிறேன் என்றார் அவர். அந்த ஒருவர் என்ன ஆனார் என்று தணிகாசலம் கேட்கவில்லை.

மார்பை அறுத்தெடுத்தார்கள். ஊரில் சீழ்க்கட்டி என்று சொல்லிவைத்தான். தம்பியிடம்கூட உண்மையைச் சொல்லக் கூடாது என்று கிருஷ்ணவேணியிடம் சத்தியம் வாங்கினான்.

பிறகு கரண்டு வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, தினமும் மதராஸுக்கு பஸ் ஏறினான். அங்கே பெஞ்சு முழுக்கப் பெண்கள். அவன் பெயரைக் கூப்பிட்டால் பேச்சு நின்றுவிடும். உங்க வீட்டம்மா எங்கே என்று ஒருத்தி கேட்டாள். மறுநாளிலிருந்து வெளியே மரத்தடியில் நின்றுகொண்டான். கூப்பிட்டது காதில் விழாமல் ஒருநாள் அவன் முறை தவறிப்போனது.

அன்று மடிசார் கட்டிய ஓர் அம்மாள் வெளியே வந்து அவனருகே நின்றாள். பெயர் நாமகிரி. சின்னக் காஞ்சிபுரத்தில் பள்ளி வாத்தியார் ஆராவமுதனின் மனைவி. அதே பஸ்ஸில் தனியாக வந்து போகிறவள்.

"எனக்கும் இடது பக்கம்தான்," என்றாள். "உங்களுக்குக் கை தூக்க முடியறதா?"

முடியவில்லை. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"சுவத்துல விரலை வெச்சு மெல்ல மேலே ஏத்துங்கோ. கண்ணுல ஜலம் வரும். நிறுத்திடாதேங்கோ."

மறுநாள் அவளே பெஞ்சில் அவனுக்கு இடம் வைத்திருந்தாள். தோல் கருகுவது, நாக்கில் எதுவும் ருசிக்காதது, கை வீங்குவது என்று பேசினார்கள். வீட்டில் தன் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துவிட்டார்கள் என்றாள் அவள். கிருஷ்ணவேணியிடம் காயத்தைக் காட்டாமல் சட்டையோடே படுக்கிறேன் என்றான் அவன். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து பஸ்ஸில் மட்டும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள்.

கரண்டு வைத்து முடிந்த பிறகும் பரிசோதனைக்குப் போகும் நாட்களில் சந்தித்துக்கொண்டார்கள். மழைக்காலத்தில் அவள் வரவில்லை. அடுத்த முறையும் வராததால் அவன் அவள் வீட்டைத் தேடிப் போனான். வாசலில் ஆராவமுதன் யார் என்று கேட்டார்.

"உங்க வீட்டம்மாவுக்கு இருக்கிற அதே நோவு எனக்கும் இருக்குது சார். ஒண்ணாதான் கரண்டு வெச்சிக்கினோம்."

ஊரில் அவன் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. ஆராவமுதன் அவன் மார்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வழிவிட்டார்.

நோய் அவள் முதுகெலும்புக்குப் போயிருந்தது. பாயில் திரும்பக்கூட முடியாமல் கிடந்தாள்.

"நமக்கும் இப்படித்தான்னு நினைச்சுண்டு போகாதேங்கோ," என்றாள்.

"நினைக்காம இருக்க முடியலம்மா."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். "ஆமாம். எப்படி முடியும்," என்றாள்.

கார்த்திகைக்கு முன்பே போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்த பிறகு ஒருநாள் ஆராவமுதன் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "ரொம்ப வலிச்சிருக்குமா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை. நானும் கேக்கலை," என்றார்.

இல்லை என்று சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம்.

"வலிச்சுது சார்," என்றான் தணிகாசலம். "துணி பட்டாலே எரியும்."

ஆராவமுதன் இன்னும் சொல்லச் சொன்னார். அவன் சொல்லிக்கொண்டே போனான். சில இடங்களில் அது அவள் வலியா, தன் வலியா என்று அவனுக்கே பிரிக்கத் தெரியவில்லை. கடை மூடும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

மறு வருஷம் அவனுக்கு நுரையீரலில் நோய் கண்டது. ஆராவமுதன் லீவு போட்டுவிட்டு அவனோடு மதராஸுக்கு வந்து, அந்தப் பெஞ்சில் பெண்களுக்கு நடுவே அவனருகில் உட்கார்ந்தார். நாமகிரியோடு ஒருநாள்கூட இங்கே வந்ததில்லை என்றார். தணிகாசலத்துக்கு இருமல் வந்தது. அவர் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டார்.