பதிவு நாள்

அன்று அகதி முகாமில் பதிவு நாள். இலங்கையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் மாதம் ஒருமுறை சமுதாயக்கூடத்தின் முன்னால் வரிசையில் நின்று, ஆள் இருக்கிறோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். வந்து முப்பத்தைந்து வருடம் ஆகட்டும், பிறந்ததிலிருந்து தாமிரபரணித் தண்ணீரையே குடித்து வளர்ந்திருக்கட்டும், வரிசை வரிசைதான்.

எட்டு மாதக் கர்ப்பிணியான வேணி ஒன்பது மணிக்கே வந்து நின்றாள். அவள் முகம் ஊதியிருந்ததைத் தவமலர் பார்த்துவிட்டாள். தவமலரும் அதே முகாம்தான். சாரம்மாள் என்ற ஓய்வுபெற்ற நர்ஸ் பாளையங்கோட்டையிலிருந்து வந்து, ஆறு மாதம் பயிற்சி கொடுத்து உருவாக்கிய சுகாதாரத் தொண்டர். வேணியை ஓரமாக உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள். நூற்று எழுபது.

"தலை இடிக்குதா?"

"விடியவிருந்து இடிக்குது அக்கா. கண்ணும் மங்கலாக் கிடக்கு."

ரத்த அழுத்தம், தலைவலி, கண் மங்கல் இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது என்று சாரம்மாள் எல்லாரையும் ஒப்பிக்க வைத்திருந்தார். தப்பில்லாமல் ஒப்பித்துப் பாராட்டு வாங்கியவளே தவமலர்தான்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். 108க்கு அடிக்கிறன்."

"வேண்டாம் அக்கா. கையெழுத்து வைச்சிட்டு வாறன். போன வருசம் இவர் பெயிண்ட் வேலைக்குப் போன நேரம் பேரை வெட்டினவங்கள். திரும்பச் சேர்க்க எட்டு மாசம் அலைஞ்சனாங்கள். என்ரை பேரும் இல்லாட்டிப் பிள்ளையை எங்க பதியிறது?"

இங்கேதான் தவமலர் தவறு செய்தாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சின்ன வயதில் அம்மை போட்டிருந்தபோதும் அவளைப் போர்வையில் சுற்றி இதே வரிசைக்குத்தான் தூக்கி வந்தார்கள். "பத்து மணிக்கு வந்திடுவாங்கள். உன்னை முதல் ஆளா அனுப்புறன்" என்று சொல்லி, போனைப் பைக்குள் வைத்தாள்.

இதோ வருகிறார்கள் என்று இருவரும் காத்திருந்தார்கள். அதிகாரிகள் வந்தபோது மணி பன்னிரண்டரை.

"சார், இந்தப் பிள்ளைக்குப் பிரஷர் கூட. முதல்ல விடுங்கோ."

எழுத்தர் ஆவுடைநாயகம் தலை நிமிரவில்லை. "வரிசையில வரச் சொல்லும்மா. ஒருத்திய விட்டா எல்லாரும் வந்து நிப்பாவ."

முன்னால் நான்கு பேர் இருக்கும்போது வேணி வலிப்பு வந்து விழுந்தாள். அவளை ஏற்றிய ஆம்புலன்ஸ் ஆற்றுப்பாலத்தைத் தாண்டும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. குழந்தையும் பிழைக்கவில்லை.

அடுத்த மாதப் பதிவில் தவமலர் இறப்புச் சான்றிதழை மேசைமேல் வைத்தாள். ஆவுடைநாயகம் அதை இரண்டு முறை படித்தார். அவர் கெட்ட மனிதரல்ல.

"ஏம்மா, நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா? சீட்டைக் காட்டினா பேரை வெட்ட மாட்டோமே. அப்படி உத்தரவு வந்து ரெண்டு வருசமாகுது."

"எங்களுக்கு ஆரும் சொல்லேல்லை சார்."

"கேட்டிருக்கலாம்லா."

"கேட்கவும் பயம் சார். நோய் என்ன, அறிகுறி என்ன எண்டு எல்லாம் சொல்லித் தந்தாங்கள். பயப்பிடத் தேவையில்லை எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. பயந்து வாழுற சனத்துக்கு எவ்வளவு வைத்தியம் தெரிஞ்சாலும் உசிர் மிஞ்சாது. முதல்ல அந்தப் பயத்தை எடுங்கோ சார்."

ஆவுடைநாயகம் சிவப்புப் பேனாவை எடுத்து வேணியின் பெயரை வெட்டினார்.